இடது பக்கத்து ஜன்னல்

காரை விற்பதற்கு விளம்பரம் போட வேண்டும், விவரம் எழுதி அனுப்பு என்று தம்பி சிங்கப்பூரிலிருந்து கேட்டான். நானும் கரும்பலகையில் குறிப்பு எழுதிப்போடுகிற பழக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். இங்கிலாந்தில் செய்த, ‘மைனர்’ என்கிற பழைய கார். நான்கு பேர் வசதியாக உட்காரும் குடும்பக் கார். இருக்குமிடம் திண்டிவனம். எஞ்சின் ஓடும் நிலையில் இருக்கிறது. கடைசியாக, ‘இரண்டு பக்க இண்டிகேட்டரும் வேலை செய்கிறது’ என்று எழுதி அனுப்பினேன். வாங்க வருகிறவர்களுக்கு அது காரைப் பற்றிய நல்ல செய்திதான். என் அப்பாவுக்கு நான் செய்த கெடுதலை ஒரே வரியில் எழுது என்று யாராவது சொன்னாலும் அதே வரியைத்தான் எழுதியிருப்பேன்.

அந்தக் காலத்துக் கார்களில் இப்போது இருப்பதுபோல விட்டுவிட்டு எரிகிற விளக்கு கிடையாது. முன்கதவுக்குப் பின்னால், இரண்டு பக்கமும், ஒரு சாண் நீளத்தில் ஒரு தட்டு உள்ளே மடங்கிப் படுத்திருக்கும். சுவிட்சைத் திருப்பினால் ‘டக்’ என்று வெளியே நீட்டிக்கொண்டு ஆரஞ்சு நிறத்தில் எரியும். அதுதான் இண்டிகேட்டர். அப்பா இந்தக் காரைப் புதுச்சேரியில் ஒரு பெரியவரிடம் வாங்கி வந்தபோதே இடது பக்கத்துத் தட்டு செத்துப்போயிருந்தது. வலது பக்கம் பிரச்சினை இல்லை. இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால், இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறவர்தான் ஜன்னல் வழியாகக் கையை நீட்ட வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்தவர் அம்மா.

“கை” என்பார் அப்பா. அவ்வளவுதான். அம்மா அதுவரைக்கும் என்ன செய்துகொண்டிருந்தாலும், பூ கட்டிக்கொண்டிருந்தாலும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையை உரித்துப் பின்னால் எங்களுக்கு நீட்டிக்கொண்டிருந்தாலும், இடது கை வெளியே போய்விடும். கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குச் சரியும். மல்லாட்டை மில் வைத்திருந்த அப்பாவுக்கு வேகம் என்பதே ஆகாது. எங்களைச் சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். ஆனால் சிக்னல் கொடுப்பதில் மட்டும் லாரி ஓட்டுபவர்களுக்குப் பாடம் எடுக்கிற அளவுக்குக் கறார். “நீட்டுறதுன்னா ஒழுங்கா நீட்டு. அப்பளம் காய வைக்கிற மாரி தொங்கவிட்டா எவன் நிப்பான்?” என்பார். “கொஞ்சம் முன்னாடியே சொல்லித் தொலைங்களேன். திரும்பிக்கினே சொன்னா எப்பிடி? லாரிக்காரன் கைய பிச்சிக்கினு போயிடுவான்” என்பாள் அம்மா. இந்த இரண்டு வசனத்தையும் நானும் தம்பியும் பின்சீட்டில் வாயசைத்துச் சொல்லிப் பார்த்துச் சிரிப்போம்.

ஒரு முறை வேறொரு காரிலிருந்து கழற்றிய தட்டு கிடைக்கும் என்று யாரோ சொல்ல, அப்பா மாற்றிவிடலாமா என்று கேட்டார். “எதுக்கு வெட்டி வேல? அதான் நான் இருக்கேன்ல?” என்றாள் அம்மா. பேச்சு அதோடு முடிந்துவிட்டது.

மாதாமாதம் கிருத்திகைக்கு மயிலம் கோயிலுக்குப் போவோம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ரோட்டில் வந்து, கூட்டேரிப்பட்டில் இடது பக்கம் திரும்ப வேண்டும். சென்னை பஸ்ஸும் சரக்கு லாரியும் ஒன்றையொன்று துரத்துகிற அந்த இடத்தில், அம்மாவின் வளையல் கையை நம்பித்தான் எங்கள் கார் திரும்பும். திருவெண்ணெய்நல்லூரில் இருந்த மாமா ஒருமுறை தன் மகள் கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் தபாலில் அனுப்பிவிட்டார். தட்டில் வைத்துக் கொடுக்காத பத்திரிகைக்கு நான் வர மாட்டேன் என்றார் அப்பா. அம்மா தனியாகப் பஸ்ஸில் கல்யாணத்துக்குப் போய்வந்து, அன்றிலிருந்து அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டு மட்டும் ‘ணங்’ என்று வந்து விழும். நடுவில் கிருத்திகை வந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் அம்மா குளித்துப் புடவை மாற்றி வந்து காரில் ஏறிக்கொண்டாள். பதினைந்து கிலோமீட்டரும் கப்சிப். கூட்டேரிப்பட்டு வந்ததும் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “கை” என்றார். கை வெளியே போனது. கோயிலில் இறங்கியதும் அம்மா அவர் முகத்தைப் பார்க்காமலே, “தேங்கா ஒண்ணு போதுமா, ரெண்டு வாங்கட்டுமா?” என்று கேட்டாள். என் அப்பா அம்மாவைப் போன்றவர்கள் ‘மன்னித்துக்கொள்’ என்பதை இப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள் என்பது எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆயிற்று.

அம்மா சிறுநீரகக் கோளாறில் போனாள். குளிர்பெட்டிக்குள் கைகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். வலது கை மாநிறம். இடது கை, முழங்கைக்குக் கீழே, வேறு யாருடையதோ போலக் கறுத்திருந்தது. இருபத்தைந்து வருஷத்து வெயில். துக்கத்துக்கு வந்த ஒரு பெண்மணி, “ஊசி போட்டுப் போட்டுக் கறுத்துடுச்சா?” என்று கேட்டார். அப்பா அந்தக் கை பக்கமாகத்தான் கடைசிவரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகும் அவர் கிருத்திகைக்குக் காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்வந்தார். நான் விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். ஒரு கிருத்திகை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. திண்டிவனம் போய் அவரோடு கிளம்பினேன். வழக்கம்போலப் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். முன்சீட்டில் அம்மாவைத் தவிர யாரும் உட்கார்ந்து எங்களுக்குப் பழக்கமில்லை. கூட்டேரிப்பட்டில் அப்பா வேகத்தைக் குறைத்தார். மெல்ல, ஆனால் எனக்குக் கேட்கும்படி, “கை” என்றார். இரண்டு நொடி காத்திருந்தார். அப்புறம் காரை அப்படியே நடுரோட்டில் நிறுத்தி, காலிச் சீட்டின் மேல் உடம்பைச் சாய்த்து, எட்டித் தன் கையையே இடது ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். பின்னால் ஒரு லாரி அலறிக்கொண்டு வந்து பிரேக் போட்டது.

நான் எதையும் சரிசெய்துவிடுகிற ஆள். வீட்டில் குழாய் ஒழுகினாலும், பள்ளியில் மோட்டார் நின்றுபோனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அன்று மாலையே தம்பிக்குப் போன் செய்து, “அப்பாவுக்கு ஞாபகம் தப்புதுடா. அம்மா இருக்கிற மாரி பேசறாரு. வண்டிய சரி பண்ணலன்னா ஒருநாள் லாரிக்கு அடியிலதான் போவாரு” என்றேன். விழுப்புரத்தில் பழைய வண்டி பார்க்கிற மெக்கானிக் பாய் ஒருவரைப் பிடித்தேன். கோட்டக்குப்பத்துக்காரர். “இதுலாம் பேஜாரு புடிச்ச ஐட்டம் டீச்சர், கெடைக்கிறது கஷ்டம். கெடைச்சா ஜல்தியா மாட்டிடலாம்” என்றவர், எங்கெங்கோ அலைந்து ஒரு தட்டைக் கொண்டுவந்துவிட்டார். சர்வீஸ் என்று அப்பாவிடம் பொய் சொல்லிக் காரை வாங்கிவந்து, மாட்டி, திருப்பிக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினேன்.

அப்பாவைக் கூப்பிட்டுச் சுவிட்சைத் திருப்பிக் காட்டினேன். ‘டக்.’ தட்டு எழும்பி ஆரஞ்சாக எரிந்தது. சும்மா இருந்தேனா? கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது எப்படிக் காந்தமாகிறது, காந்தம் எப்படி இரும்புக் கம்பியை இழுத்துத் தட்டை எழுப்புகிறது என்று பாடமே நடத்தினேன். அப்பா கடைசி பெஞ்சுப் பையனைப் போலத் தலையாட்டிக் கேட்டார். “நல்லா இருக்குதும்மா” என்றார். சாவியை வாங்கி ஆணியில் மாட்டினார்.

அடுத்த கிருத்திகைக்குப் பஸ்ஸில் போனார். அதற்கடுத்ததற்கும். மழைக்குப் பயந்து எடுக்கவில்லை என்று நினைத்தேன். அப்புறம் கண் தெரியவில்லையோ என்று கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண் நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். “ஏம்பா, எல்லாத்தையும் சரி பண்ணிக் குடுத்தாச்சே, ஏன் வண்டிய எடுக்க மாட்டேங்கறீங்க?”

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். “இல்லம்மா. அந்தத் திருப்பத்துல ஒருவாட்டி கூப்பிடுவேன். அதுக்குத்தான் போயிக்கினு இருந்தேன். இப்ப கூப்பிட வேண்டிய வேல இல்ல பாரு” என்றார். பிறகு, என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே பதறிப்போய், “நீ நல்லதுக்குத்தான் பண்ண. பஸ்ஸும் சௌகரியமாத்தான் கீது” என்றார்.

அவருக்கு ஞாபகம் தப்பவில்லை. அம்மா இல்லை என்பது எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது. தட்டைக் கழற்றிப் போட்டுவிடுகிறேன் என்று அழுதேன். “சேச்சே, எரியிறத ஏன் அணைக்கணும்” என்றார். கழற்றினாலும் பழையபடி ஆகியிருக்காது. இதை இன்றைக்கும் நினைத்து நினைத்து மனம் புழுங்குகிறேன். மெக்கானிக் பாய் தேவையில்லை, தட்டு தேவையில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பின்சீட்டிலிருந்து இறங்கி, முன்னால் ஏறி உட்கார்ந்து, அவர் கூப்பிட்டபோது நான் கையை நீட்டியிருந்தால் போதும். அவ்வளவு சின்ன விஷயம் இயற்பியல் டீச்சருக்குத் தோன்றவே இல்லை.

அப்பா போய் இரண்டு வருஷமாகிறது. வீட்டுக்குக் குடிவருகிறவர்கள் கார் நிற்கிற இடத்தைக் கேட்டார்கள். அதனால்தான் விளம்பரம். பொம்மையார்பாளையத்தில் கடலோரமாகத் தங்கும் விடுதி நடத்துகிற ஒருவர் வந்தார். நல்ல மனிதர். போனட்டைத் தொடுவதற்கு முன் செருப்பைக் கழற்றினார். “வெளியூர் கெஸ்ட்டுங்க போட்டோ எடுத்துக்குவாங்க டீச்சர். பத்திரமா வச்சிக்கிறேன்” என்றார். ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். நானும் ஏறிக்கொண்டேன். முன்சீட்டில். அதில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அவரே ரோட்டைத் தேர்ந்தெடுத்தார். மயிலம் வழியாகவும் தன் ஊருக்குப் போகலாம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கிறேன் என்றார். கூட்டேரிப்பட்டு வந்தது. வேகம் குறைந்தது. ‘கை’ என்று யாரும் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் ‘டக்’ என்று தட்டு எழும்புகிற சத்தம் கேட்டது. அதற்கு முன்பே என் இடது கை ஜன்னலுக்கு வெளியே, சூடான காற்றில், தோளிலிருந்து விரல்வரை விறைப்பாக நீண்டிருந்தது.

“டீச்சர், கைய உள்ள எடுத்துக்குங்க, லாரி வருது” என்றார் அவர். “அதான் இண்டிகேட்டரு வேல செய்யுதே. நீங்கதான விளம்பரத்துல எழுதியிருந்தீங்க?”

“ஆமாங்க” என்றேன். “நான்தான் சரி பண்ண வச்சேன்.”

கார் முழுசாகத் திரும்பி முடிகிறவரைக்கும் கையை உள்ளே எடுக்கவில்லை.