தன் வாய்க்குத் தன் குரல்

மேற்கு பெர்லினில் ரோஸ்வித்தா கெம்னிட்ஸின் முகத்தைத் தெரிந்தவர்கள் கொஞ்சம். குரலைத் தெரியாதவர் கிடையாது. அமெரிக்காவின் பேரழகி ஒருத்திக்கு வருஷக்கணக்காக ஜெர்மனில் டப்பிங் பேசியவள் அவள்தான். திரையில் அந்த நடிகை உதட்டைப் பிரித்தால், மூச்சுகூடப் பிசகாமல் இவள் வார்த்தை போய் அதில் உட்காரும். ஒரே தடவையில் ஓகே வாங்கிவிட்டு, ரொட்டியைக் கடித்தபடி "அடுத்தது என்ன?" என்பாள்.

அவளுக்கு நடிக்கவும் வரும். ஆனால் சினிமாவில் கிடைத்ததெல்லாம் கதவு திறந்துவிடும் வேலைக்காரி, பின்னால் நின்று அழும் அத்தை. நாற்பதைத் தாண்டிய பிறகுதான் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வேடம் வந்தது: மகனைப் போலீஸிடமிருந்து மறைக்கும் மீன்காரி.

நொய்கோல்ன் பேட்டைச் சந்தையில் படப்பிடிப்பு. அவள் முதல் வசனம் பேசியதும் கேமராக்காரர் சிரித்துவிட்டார். இயக்குநர் ராஷ்கே தலையைச் சொறிந்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க ரோஸ்வித்தா. கண்ணை மூடினா அந்த அமெரிக்காக்காரி நிக்கிறா. திறந்தா கையில மீனோட நீங்க நிக்கிறீங்க. தியேட்டரே சிரிச்சிடும்."

"அதுக்கு?"

"நீங்க நடிங்க. குரலுக்கு மட்டும் வேற யாரையாவது..."

சுருக்கென்றது அவளுக்கு. ஊரார் வாய்க்கெல்லாம் பேசியவளுக்கு இரவல் குரலா? ஆனாலும் பதறவில்லை.

"அந்தக் குரல் நான் செஞ்சதுங்க, கூடப் பொறந்தது இல்ல. கொஞ்ச நேரம் குடுங்க. அப்புறமும் சிரிப்பு வந்தா, யாரை வேணா கூட்டிட்டு வாங்க."

மீன்காரி வேடத்து ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிஜ மீன்கடைகளுக்கு நடுவே போய் நின்றாள். நாடகப் பள்ளியில் தேய்த்துக் கழுவிவிட்ட தன் பேட்டைப் பேச்சை எடுத்துக் கூவ ஆரம்பித்தாள். பக்கத்துக் கடைக்காரி பாய்ந்து வந்தாள்.

"ஏய், இது என் இடம்! யாருடி நீ, இங்க வந்து கத்துறே?"

"உன் மீனு வாயத் தொறக்கல. அதான் அதுக்கும் சேத்து நான் பேசுறேன்!"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கடைக்காரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கூட்டம் சேர்ந்து அந்தக் கடைக்காரியின் மீன்தான் விற்றது. தொண்டை கட்டியதும் ரோஸ்வித்தா திரும்பி வந்தாள்.

"ம், கேமராவை ஓட்டுங்க."

போலீஸ்காரராக நடித்தவர் மகன் எங்கே என்று அதட்டினார். "மீன் வேணும்னா வரிசையில நில்லு. மகன் வேணும்னா நீயே பெத்துக்க!" என்றாள். வசனத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை; அந்தக் கரகரப்புக்குள் ஒரு தாயின் நடுக்கம் இருந்தது. 'கட்' சொல்ல மறந்து நின்றார் ராஷ்கே.

இலையுதிர் காலத்தில் படம் வெளிவந்தது. நிஜ மீன்காரியையே பிடித்து வந்து நடிக்க வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பத்திரிகை பாராட்டியது. டப்பிங் அரங்கில் அதைப் படித்துவிட்டு, உடன் பேசும் இங்கோல்ஃப் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னான்:

"படம் பாத்தேன். நீதான்னு எனக்கே தெரியலடி!"

"தெரிஞ்சிருந்தா நான் என்ன நடிகை?"

அதன்பிறகு வேடங்கள் தேடி வந்தன. ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கையெழுத்துக்கு முன் ஒரே நிபந்தனை வைத்தாள்: தனக்குப் பதில் வேறு யாரும் பேசக் கூடாது. யாரும் மறுக்கவில்லை.