பாட்டு நிற்கவில்லை என்று ஒரு புகார்

பாட்டு நின்றுபோனால் மனிதர்களுக்கு யாரையாவது திட்ட வேண்டும். அந்த யாராவதாக இருப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடி. போனில் பாட்டு கேட்கிற ஒரு ஆப்புக்கு வரும் புகார்களை நாங்கள்தான் எடுக்கிறோம். நெட் இருக்கிறதா பாருங்கள், ஆப்பை மூடித் திறங்கள், அழித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். மொத்த வித்தையும் இவ்வளவுதான். ஹெட்போன் மாட்டி வயிறு வளர்க்கும் சக பாவிகளே, மீதியெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாத ஒன்று: நான் 'தீர்ந்தது' என்று மூடிய புகார் திரும்பி வந்தால், அது என் தலையிலேயே விழும், என் பெயரில் ஒரு கறுப்புப் புள்ளியும் விழும். நான் பர்மனென்ட் ஆவதும் வீட்டுக்குப் போவதும் அந்தப் புள்ளிகளின் கையில் இருந்த காலத்தில் நடந்தவை இவை.

பாலத்தாண்ட

பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் ஒருவர். தினமும் ஒரே இடத்தில் பாட்டு நின்றுவிடுகிறதாம். "அந்தப் பாலத்தாண்ட போவ சொல்ல கரெக்டா நிக்குதும்மா. பாட்டு ஓடுற வரைக்கும் ஜனம் கம்முனு வருது. நின்னா போதும், 'தள்ளி உக்காரு'ன்னு சண்ட ஸ்டார்ட் ஆயிடுது" என்றார்.

அந்த இடத்தில் சிக்னல் இல்லை, ஆப்பின் மேல் தப்பில்லை, பாட்டை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று பொறுமையாகச் சொன்னேன். போனில் இடம் இல்லையாம், பூராவும் பிள்ளைகள் போட்டோவாம். அப்படியானால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது அண்ணா என்று கையை விரித்தேன். அவர் விடவில்லை.

"அப்ப ஒண்ணு பண்ணு. போன வெக்காத, அந்த எடத்துல மட்டும் நீ பாடு."

தையல் மிஷின் தேவகி

தேவகி ஆவடியில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவர். காலையில் பாட்டைப் போட்டுவிட்டு மிஷினில் உட்கார்ந்தால், பாதியில் நின்றுவிடுகிறது என்று அழைத்தார். திரையில் பார்த்தேன். அதே கணக்கில் வேறொரு போனிலும் பாட்டு ஓடியது. எங்கள் ஆப்பில் ஒரு கணக்குக்கு ஒரு நேரத்தில் ஒரு போன்தான் பாடும். அங்கே போட்டால் இங்கே நிற்கும், இங்கே போட்டால் அங்கே நிற்கும். போன் வாங்கிய கடையிலேயே வீட்டிலிருந்த ரெண்டு போனுக்கும் ஒரே கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டார்களாம்.

இதைவிடச் சுலபமான புகார் எனக்கு வாழ்நாளில் வராது. அந்த இன்னொரு போனை வெளியேற்ற என்னிடம் ஒரு பட்டன் இருக்கிறது. "அமுக்கிடட்டுமாக்கா? இனிமே நிக்கவே நிக்காது" என்றேன், பெருமை பொங்க. அந்தப் பக்கம் மிஷின் சத்தம் சட்டென்று நின்றது.

"ஐயோ வாணாம்மா! அது எங்க ஊட்டுக்காரு. நிக்கட்டும், நான் பாத்துக்கறேன்."

ஆடி மாதத்து விளம்பரம்

வெள்ளானூர்க் கோயில் கமிட்டிக்காரர் அழைத்தார். கூழ் வார்க்கும் நாள். ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு எங்கள் ஆப்பிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது, அதுவும் ஓசிக் கணக்கில். ஓசிக் கணக்கென்றால் நடுவில் விளம்பரம் வரும். உடுக்கை உச்சத்துக்குப் போய், ஒரு அம்மாவுக்குச் சாமி வந்து அவர் ஆடு ஆடென்று ஆடும் நேரத்தில், "முட்டி வலியா? கவலையை விடுங்கள்!" என்று தைல விளம்பரம் ஊர் முழுக்க முழங்கியிருக்கிறது.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டேன். காசு கட்டினால் விளம்பரம் வராது சார் என்று விளக்கினேன். அவர் காதில் அது ஏறவே இல்லை. அவர் வருத்தமே வேறு.

"விளம்பரம் வந்தா வந்துட்டுப் போவுதும்மா. சாமியாடினு இருந்தவ கண்ணத் தொறந்து, 'டேய், அத்த ஸ்கிப் பண்ணுடா'ன்றா!"

தேவகி, மறுபடியும்

அடுத்த வாரம் தேவகி மறுபடி லைனில் வந்தார். கறுப்புப் புள்ளி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாட்டு மறுபடி நிக்குதாக்கா?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இல்லம்மா. நிக்கவே மாட்டேங்குது. அதான் பேசறேன்."

இந்தத் தொழிலில் இப்படி ஒரு புகாரை நான் கேட்டதில்லை. பிறகு கதை வந்தது. புருஷன் ராஜேந்திரனுக்குத் திருமழிசையில் ஒரு கம்பெனியில் வேலை. நாத்தனார் வீட்டு விருந்தில், அத்தனை பேர் முன்னால், "எங்க அக்கா வெக்கிற மீன் கொழம்பு இவளுக்கு வராது" என்று சொல்லியிருக்கிறார். தேவகி, "அப்ப அங்கியே துண்ணு" என்றிருக்கிறார். மனிதர் அதையே பிடித்துக்கொண்டு திருமழிசையில் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டார். போன் அடித்தால் எடுப்பதில்லை. ஆனால் காலையில் டீ நேரத்துக்குப் பாட்டுப் போடுவார். இங்கே தேவகியின் பாட்டு நிற்கும். ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று தேவகி தெரிந்துகொள்வார். உடனே தன் போனில் பாட்டைப் போட்டு அவருடையதை நிறுத்துவார். ராஜேந்திரன் மறுபடி போடுவார். குடும்பச் சண்டை எங்கள் ஆப்பில் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. இப்போது சில நாளாக அந்தப் பக்கத்திலிருந்து பாட்டே இல்லை.

"அந்தப் போன் கணக்குல அப்படியேதான் இருக்குக்கா. பாட்டுதான் போடல" என்றேன். "காய்ச்சல் கீய்ச்சலா இருக்குமோ? அவங்க அக்கா நம்பருக்கு அடிச்சா அதுவும் கட் பண்றாம்மா" என்று அவர் குரல் உடைந்தது. ஆப்பை மூடித் திறங்கள் என்று அந்த நேரத்தில் எந்த வாயால் சொல்வது? "அக்கா, திருமழிசை என்ன அமெரிக்காவா? பூந்தமல்லி போய் பஸ் மாறினா ஆச்சு. நேர்ல போய்ப் பாருங்க" என்றுவிட்டேன்.

எல்லாப் பேச்சும் பதிவாகும் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. டீம் லீடர் பாஸ்கர் சார் என்னைக் கூப்பிட்டு அதைப் போட்டுக் காட்டினார். அடுத்த முறை அந்த அம்மா அழைத்தால் நான் பர்மனென்ட் ஆவதை மறந்துவிட வேண்டியதுதான் என்றார்.

"சுகன்யா, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. நம்ம டிரபிள்ஷூட்டிங் ஸ்டெப்ஸ்ல பஸ் ரூட் எந்தப் பக்கத்துல இருக்கு?"

இனம் இனத்தோடு

பூந்தமல்லி அடுக்குமாடியிலிருந்து ஐ.டி.க்காரர் ஒருவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். "உங்கள் சிரமம் புரிகிறது" என்று ஆரம்பித்தேன். "காத்திருந்ததுக்கு நன்றின்னு அடுத்து சொல்வீங்க, சரிதானே?" என்றார்.

"நானும் போன்ல புகார் கேக்குற இதே பொழப்புதான். பாட்டு வந்தா வருது, வராட்டிப் போவுது. உங்களுக்கு எத்தன ஸ்டார் வேணும், அத மொதல்ல சொல்லுங்க."

மூன்றாவது அழைப்பு

தேவகியின் எண் திரையில் வந்தபோது பாஸ்கர் சார் என் பக்கத்திலேயே இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான், பையைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"பாட்டு நின்னு நின்னு போவுதும்மா" என்றார் தேவகி. குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

போய்ப் பார்த்தால் ராஜேந்திரன் காய்ச்சலில் சுருண்டு கிடந்திருக்கிறார். போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்திருக்கிறது. அக்கா கட் பண்ணியது கோபத்தில் இல்லையாம், தம்பிக்குக் காய்ச்சல் என்று எந்த முகத்தோடு சொல்வது என்ற பயத்திலாம். தேவகி ஒரு வார்த்தை பேசாமல் ஆட்டோ வைத்து அவரை ஆவடிக்குக் கொண்டு வந்துவிட்டார். இப்போது உடம்பு தேறி, கூடத்தில் படுத்துக்கொண்டு அவர் பாட்டுப் போடுகிறார். உள்ளே மிஷின் பக்கத்தில் இவர் பாட்டு நிற்கிறது.

பாஸ்கர் சாரைத் திரும்பிப் பார்த்தேன். "அக்கா, இப்பவாவது அந்தப் பட்டனை அமுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"அமுக்கு, அமுக்கு. கூப்பிட்டா ஏன்னு கேக்குற தூரத்துல கீறாரு. இன்னும் பாட்டு நின்னுதான் நான் தெரிஞ்சிக்கணுமா?"

அமுக்கினேன். பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், "அடியே, என் பாட்டு இன்னா ஆச்சு?" என்று அலறியது. தேவகி சிரித்துக்கொண்டே போனை வைத்தார். பாஸ்கர் சார் ஹெட்போனைக் கழற்றி, காரணம் என்ற இடத்தில் 'வாடிக்கையாளர் பக்கத்துக் கோளாறு' என்று தானே தட்டினார். அப்படிப் போட்டால் என் பெயரில் புள்ளி விழாது. அந்த மாதமே என்னைப் பர்மனென்ட் ஆக்கினார்கள்.

நின்ற பாட்டை ஓட வைப்பதுதான் வேலை என்று சொல்லித்தான் எடுத்தார்கள். பாட்டு எப்போது நிற்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பவர்களும் இந்த லைனில் வருவார்கள் என்று ஒரு பாவியும் சொல்லித் தரவில்லை.