ஐஸ்பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலின்

எழுபதுகளின் நடுவில் நாங்கள் நகரத்துக்கு வெளியே, கிராஞ்சியில் ஓர் ஆர்க்கிட் தோட்டத்துக்குள், தகரக் கூரை வீட்டில் இருந்தோம். என் கணவர் அங்கே தண்ணீர் பாய்ச்சும் வேலை பார்த்தார். வீட்டில் கரண்ட் கிடையாது. அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும், நகரத்திலிருந்த ஒரு கிளினிக்கில் மூன்று மாதத்துக்கு இன்சுலினும், கண்ணாடி ஊசியும், ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளும் கொடுத்தனுப்பினார்கள். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகள் வாசித்துச் சொன்னாள். மருந்தைக் கரண்டில் ஓடும் ஐஸ்பெட்டியில் வைக்க வேண்டுமாம். ஆப்பிளும் சீஸும் சாப்பிடலாமாம்.

ஈரத்துணி சுற்றிய மண்சட்டியில் புட்டிகளை வைத்தேன். ஊசியைக் கொதிக்க வைத்து, அவர் தொடையில் குத்தக் கற்றுக்கொண்டேன். சோதனைக்கென்று கிளினிக்கில் கொடுத்த நீல மருந்தில் அவர் சிறுநீர்த் துளிகளை விட்டுக் காய்ச்சிப் பார்ப்பேன். சர்க்கரை குறைவாக இருந்தால் பச்சை, ஏறினால் செங்கல் நிறம். முதல் மாதம் பச்சையில் நின்றது. பிறகு தினமும் செங்கல் நிறம்தான். சோற்றைக் குறைத்தேன். அவர் பசியோடு வேலைக்குப் போனதுதான் மிச்சம்.

ரப்பர் பூட்ஸ் கடித்த புண் ஆறாமல், இடது காலின் பெருவிரலை எடுத்தார்கள். அதற்குப் பிறகு கிளினிக்குக்குப் போனபோது அவர் கார்டில் சிவப்பு மையில் ஏதோ எழுதியிருந்தது. "சொன்னதைக் கேட்காதவர்" என்று மகள் மெதுவாகச் சொன்னாள். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

டாக்டர் ஆங்கிலத்தில் பேசினார். சோற்றை அள்ளிச் சாப்பிட்டால் இப்படித்தான் ஆகும் என்று தமிழ் நர்ஸ் எங்களைக் கடிந்துகொண்டார்.

"எங்க வீட்ல கரண்டே இல்ல, மிஸ்ஸி," என்றேன். "மருந்து சூட்டுல கெட்டுப்போகுது. எங்க வைக்கிறீங்கன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா? நான் சொல்றத டாக்டருகிட்ட முழுசா சொல்லுங்க."

சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இனி மாதத்துக்கு ஒரு புட்டி வாங்கிக்கொள்ளலாம் என்றார். கார்டில் எழுதியதை அடிக்கச் சொன்னேன். முடியாது என்றுவிட்டார்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே காப்பிக்கடை வைத்திருந்த சீனர்தான், தன் ஐஸ்பெட்டியில் பீர் போத்தல்களுக்கு நடுவே இடம் கொடுத்தார். என் கணவர் தினமும் நொண்டிக்கொண்டே அங்கே போய், தானே ஊசி போட்டுக்கொள்ளப் பழகினார். புது மருந்து வந்த சில நாட்களில் சோதனை பச்சைக்குத் திரும்பியது.

எண்பதுகளில் அடுக்குமாடி வீட்டுக்கு மாறினோம். கரண்டும் ஐஸ்பெட்டியும் வந்தன. அதற்குள் அவருக்கு ஒரு கண்ணில் பார்வை போயிருந்தது. முன்பே வாயைக் கட்டியிருக்கலாமே என்று அக்கம்பக்கத்தார் சொன்னபோது, அவரும் ஆமாம் என்று தலையாட்டினார். அப்படிச் சொன்னவர்களை நான் அதற்குப் பிறகு வீட்டுக்குள் விட்டதில்லை.