லோசனா பாட்டின் கடைசிச் சரணம்

நம்பாதவர்கள் ஒவலாவ் தீவுக்கு வந்து என் வீட்டில் ஓர் இரவு தங்கிப் பார்க்கட்டும். பாய் தருகிறேன், கவா வேர்ப்பொடி கரைத்துத் தருகிறேன். பாட மட்டும் மாட்டேன். நான் சொல்லப்போவது போன ஜூன் மாதம் எனக்கே நடந்தது. குடித்திருந்தாயா என்று கேட்காதீர்கள். கவா குடித்தால் நாக்கு மரத்துப்போகும், காது கெடாது.

என் பெயர் இசிரெலி. மனைவி லோசனா சர்க்கரை நோயில் போய் மூன்று வருடமாகிறது. ஒரே மகள் அகெனெட்டா பிரிஸ்பேனில் இருக்கிறாள். கடலோரத்தில் ஊருக்குக் கடைசி வீடு என்னுடையது. என்னோடு இருப்பது ஒரு கிழட்டு நாய் மட்டும்தான்.

முன்பு நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பாடுவோம். எனக்குக் கிதாரும் அடிக்குரலும். விலிகேசாவுக்கு நடுக்குரல். தனியேலாவுக்கு உச்சிக்குரல். மூவரும் மச்சான் முறை, கேலி பேசியே வளர்ந்தவர்கள். பாட்டுக் கட்டுவது தனியேலாதான். லோசனாவுக்கென்றே ஒரு பாட்டுக் கட்டினான்.

வருடத்துக்கு ஒருமுறை, நவம்பரில், விடிவதற்கு முன் பலோலோ என்ற பச்சைக் கடல்புழு மேலே மிதந்து வரும். ஊரே வலையும் வாளியுமாகக் காத்திருக்கும். அப்படி ஓர் இரவில்தான் லோசனாவை முதலில் பார்த்தேன். "வாளியப் பிடிய்யா" என்று முன்பின் தெரியாத என்னை அதட்டினாள். அந்த அதட்டல்தான் பாட்டின் முதல் சரணம். எந்த மாதத்தில் கேட்டாலும் எனக்கு நவம்பர் மணக்கும்.

எங்கள் பாட்டுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வட்டமாக உட்கார்ந்திருப்பவர்களின் பெயரைக் கடைசிச் சரணத்தில் சொல்லித்தான் முடிக்க வேண்டும். ஆனால் கடற்கரையில் இந்தப் பாட்டை நாங்கள் முடித்ததே இல்லை. மூன்றாம் சரணம் வருவதற்குள் யாராவது "வந்துட்டுது" என்று கத்துவார்கள். கிதாரைப் போட்டுவிட்டு ஓடுவோம். என் கல்யாணத்தில் மட்டும் தனியேலா அதை முழுதாகப் பாடியதாக எனக்கு நினைவு.

போன நவம்பரில் பலோலோ பிடிக்கப் போன தனியேலா திரும்பவில்லை. படகு கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. விலிகேசா ஆரஞ்சு பறிக்கும் வேலைக்கு ஆஸ்திரேலியா போய்விட்டான். கிதாரைச் சுவரில் மாட்டியவன்தான், அப்புறம் நான் தொடவில்லை.

ஜூன் மாதம் அந்த இரவு ஒன்பது மணிக்கு மகள் அழைத்தாள்.

"அப்பா, அம்மா பாட்டப் பாடி அனுப்புங்க. பாப்பா தூங்கவே மாட்டேங்குறா."

"உன் புருஷனப் பாடச் சொல்லு. பயத்துலயே தூங்கிரும்."

"விளையாடாதீங்கப்பா. எனக்கே பாதிதான் ஞாபகம் இருக்கு. நீங்களும் மறந்துட்டா அம்மா பாட்டு அவ்வளவுதான்."

சுருக்கென்றது. அது எங்கும் பதிவாகாத பாட்டு. தனியேலா பதிய விடமாட்டான். இப்போது அது என் தலைக்குள்ளும் விலிகேசா தலைக்குள்ளும் மட்டும்தான் இருந்தது. அதிலும் கடைசிச் சரணம் எனக்கு வரவே மாட்டேன் என்றது. விலிகேசாவை அழைத்தேன், எடுக்கவில்லை.

கவா கரைத்தேன். தனியாகக் குடிப்பது எங்களில் அசிங்கம். அதனால் எதிரே இன்னொரு சிரட்டையை நிரப்பி வைத்தேன். யாருக்கென்று கேட்டால் தெரியாது, பழக்கம். கிதாரை எடுத்தேன். ஏழு மாதம் தொடாத கிதார், தந்தி தளர்ந்திருக்க வேண்டும்... சுருதி சரியாக இருந்தது. அப்போது அதை நான் யோசிக்கவில்லை.

போனில் பதிவைப் போட்டுவிட்டுப் பாடினேன். மூன்று சரணம். அதோடு நின்றது. மறுபடி பாடினேன். அதே இடம். உச்சிக்குரல் இல்லாமல் அந்தப் பாட்டு உப்பில்லாத கஞ்சியாக இருந்தது. அழுகை வந்தது. அழுதேன், பார்க்க யாருமில்லையே.

மணி பதினொன்று இருபது. நாய் எழுந்தது. வாசலைப் பார்த்தது. வாலை ஒடுக்கிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து படுத்தது.

டொப்.

கையைக் குவித்து ஒரு தட்டு. சிரட்டையை வாங்கும்போது நாங்கள் தட்டுவது. வாசல் பக்கமிருந்து வந்தது.

யாரோ ஊர்க்காரன் என்று நினைத்தேன். "உள்ள வாப்பா" என்றேன். யாரும் வரவில்லை.

டொப்... டொப்... டொப்.

குடித்து முடித்தவன் தட்டும் மூன்று தட்டு. எதிரே பார்த்தேன். சிரட்டை காலி.

எங்கள் ஊர் ஜூன் மாதக் குளிரில் எனக்கு நவம்பர் மணந்தது.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. விரல்கள் தாமாகவே மூன்றாம் சரணத்தைத் தொடங்கின.

மேலே... உச்சிக்குரல் சேர்ந்தது.

தனியேலா.

பயமாக இருந்தது. ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் சரணம் முடிந்தது. நான் நிறுத்தினேன். அவன் நிறுத்தவில்லை.

கடைசிச் சரணம். மெதுவாக. பெயர் பெயராக.

தனியேலா...

லோசனா...

இசிரெலி.

என் பெயர் வந்ததும் என் கைகள் குவிந்து மூன்று முறை தட்டின. ஏற்றுக்கொண்டேன் என்று அர்த்தம். நான் தட்டவில்லை. கைகள் தட்டின.

காதுக்குப் பக்கத்தில்... ஈர மூச்சு.

"வாளியப் பிடிய்யா."

ஓடினேன்.

விடியும்வரை தேவாலயத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அங்கேதான் உறைத்தது. வட்டத்திலிருந்து எழுந்தால் விடைபெற்றுத்தான் போக வேண்டும். சொல்லாமல் போனவன் இன்னும் வட்டத்தில் இருக்கிறான் என்றுதான் அர்த்தம். நான் சொல்லாமல் வந்துவிட்டேன்.

வெளிச்சம் வந்தபின் வீட்டுக்குப் போனேன். எதிர்ச் சிரட்டையின் அடியில் பச்சையாக ஒரு நூல் கிடந்தது. குனிந்து பார்த்தேன். அது நெளிந்தது. பலோலோ. ஜூன் மாதத்தில். போன் பதிவில் என் குரல் இருந்தது, கிதார் இருந்தது, என் கைத்தட்டு இருந்தது. வேறு எதுவும் இல்லை.

விலிகேசா அப்போதுதான் அழைத்தான்.

"என்னடா மச்சான், ராத்திரி கூப்பிட்டிருக்க? காசு கேக்கவா?"

"லோசனா பாட்டுக் கடைசிச் சரணம் ஞாபகம் வரல. இப்ப வந்துட்டுது. சரியான்னு மட்டும் சொல்லு."

"எந்தக் கடைசிச் சரணம்?"

"என் கல்யாணத்துல தனியேலா பாடினானே."

"உனக்கு மூளை மழுங்கிட்டுது. அன்னிக்கும் மூணுதான். அவன் நாலாவது கட்டவே இல்ல. 'பேரப் போட்டா பாட்டு முடிஞ்சிரும். எல்லாரும் ஒண்ணா உக்கார்ற அன்னிக்குப் போடுறேன்'னு சொல்லிட்டே இருந்தான்."

நான் கேட்டதைச் சொன்னேன். மூன்று பெயரையும் சொன்னேன்.

"என் பேரு?" என்றான்.

"இல்ல."

"மச்சான்... அத இனிமே பாடாத."

மகளுக்கு மூன்று சரணம்தான் அனுப்பினேன். பாட்டு அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன். பாப்பா நன்றாகத் தூங்குகிறாளாம்.

இது அக்டோபர். அடுத்த மாதம் பலோலோ வரும். அந்த ராத்திரி மட்டும் ஊருக்குள்ளே போய்ப் படு என்று விலிகேசா நாள் தவறாமல் அழைத்துச் சொல்கிறான். சரி என்கிறேன். ஆனால் இந்த வீட்டில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்?

அன்றிலிருந்து நான் பாடுவதில்லை. கிதாரையும் தொடுவதில்லை. நேற்று மட்டும் ஒருமுறை இறக்கி, தந்தியைத் தட்டிப் பார்த்தேன்.

சுருதி சரியாகத்தான் இருக்கிறது.