மூன்றாவது குலவை

செல்லக்கிளிக்கு நாற்பத்தொன்பது வயது. திண்டுக்கல்லில் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். அவள் தைத்த ரவிக்கை தோளில் இறங்குகிறது என்று குறைப்பட்டவர்கள் உண்டு. அவள் போட்ட குலவையைக் குறை சொன்னவர் இதுவரை இல்லை. முளைப்பாரி, வளைகாப்பு, புது வீட்டில் பால் காய்ச்சுவது, டிராக்டருக்குப் பூசை, எதுவானாலும் அவளுக்கு ஆள் வந்துவிடும். நாக்கைச் சுழற்றி ஆரம்பித்தாளென்றால் மூன்று தெரு தள்ளிக் கேட்கும். எப்போதும் மூன்று முறை. ரெட்டைப்படையில் நிறுத்தினால் நல்ல காரியம் அரைகுறையாய் நின்றுபோகும் என்பது அவள் கணக்கு.

அவள் மகன் அசோக்குமாருக்கு அந்தக் குலவை என்றாலே கிலி. கல்லூரி ஆண்டு விழாவில் அவன் பரிசு வாங்கியபோது அம்மா பின்வரிசையிலிருந்து போட்ட குலவையில் முதல்வர் திடுக்கிட்டுக் கோப்பையைக் கீழே போட்டுவிட்டார். இப்போது அவன் கோயம்புத்தூரில் 'மண்ணும் மின்சாரமும்' என்ற இசைக்குழுவில் டிரம்ஸ் அடிக்கிறான். மண்ணைத் தட்டிவிட்டுத்தான் குழுவில் சேர்ந்தான் போல; அங்கே அவன் பெயர் ஆஷ்.

இந்த மே மாதம் அகரம் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் கோடை இசைத் திருவிழா. அவன் ஏறப்போகும் முதல் பெரிய மேடை. அம்மாவுக்கும் அவள் சிநேகிதிகளுக்குமாக மூன்று அனுமதிச் சீட்டு கொண்டுவந்து கொடுத்தான்.

"வாம்மா, கேளு, கைதட்டு. குலவை மட்டும் போடாத."

"ஏலே, பெத்தவ வாயைக் கட்டிப்போட்டுட்டுத்தான் நீ கொட்டடிக்கணுமா?"

"சத்தியம் பண்ணும்மா."

தையல் மெஷின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தாள்.

கூட வந்தவர்கள் இருவர். பக்கத்து வீட்டு மாலதி, சத்துணவு அமைப்பாளர். பேகம்பூரில் பிரியாணி மசாலா அரைத்து விற்கும் நஸீரா, செல்லக்கிளியோடு பத்தாவது வரை படித்தவள். வாசலிலேயே மணிக்கட்டில் ஆளுக்கொரு காகிதப் பட்டை கட்டினார்கள்.

"பிரசவத்துக்குச் சேத்தப்ப இப்பிடித்தாண்டி கட்டுனாங்க," என்றாள் நஸீரா. "வெளிய போகையில புள்ளையக் குடுப்பாகளா?"

நாற்காலி என்பதே இல்லை. இசையை நின்றுகொண்டுதான் ரசிக்க வேண்டுமாம். மூவரும் ஒரு தென்னை நிழலில் சேலையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

பகல் ஒரு மணி வெயிலில் முதல் குழு மேடையேறியது. நான்கு பையன்கள், நான்கு பேருக்கும் கறுப்புத் தோல் சட்டை. தனிமையின் குளிரைப் பற்றி இங்கிலீஷில் முக்கால் மணி நேரம் பாடினார்கள்.

"பாவம், யாரு பெத்ததுகளோ," என்றாள் மாலதி. "சாப்டுச்சுகளோ என்னமோ. சட்டையக் கழத்துனாலே பாதித் துயரம் போயிரும்."

அடுத்து வந்த பெண் வார்த்தையே இல்லாமல் பாடினாள். கண்ணை மூடி அரைமணி நேரம் முனகினாள். முன்னால் நின்றவர்களும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நஸீராவும் மூடினாள், அவள் தூங்கிவிட்டாள்.

நாலரை மணிக்கு 'மண்ணும் மின்சாரமும்' வந்தது. செல்லக்கிளி எழுந்து நின்று முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். நாற்று நடும் தாயைப் பற்றிய பாட்டு. பாடிய பைசல் என்ற பையன் முழங்கால்வரை பூட்ஸ் போட்டிருந்தான். அசோக்குமாரின் கை நன்றாகத்தான் விழுந்தது. திடீரென்று பாட்டு நிற்க, மடிக்கணினியிலிருந்து ஒரு குலவை கிளம்பியது. ஒன்று. இரண்டு. அப்புறம் நிசப்தம். நாலு எண்ணும் நேரம் கழித்து டிரம்ஸ் மறுபடி இடித்தது.

நஸீரா விழித்துக்கொண்டாள். "ஏண்டி, ரெண்டுதான வந்துச்சு?"

"கரண்டு போச்சோ?" என்றாள் மாலதி.

"லைட்டு எரியுதே."

செல்லக்கிளி முந்தானையை வெளியே எடுத்தாள். "எவளோ பட்டணத்துக்காரி. நாக்கு அண்ணத்துல படவே இல்ல. கோழி வெரட்டுறா."

அடுத்த சுற்றிலும் இரண்டே. தோப்பில் காலிப் பாட்டில் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து மேடையைப் பார்த்தார்கள். சர்பத் கலக்கிய அம்மாளின் கரண்டி அந்தரத்தில் நின்றது. மூன்றாவதற்காகத் தோப்பே காத்திருந்ததாக செல்லக்கிளிக்குப் பட்டது. பிள்ளையின் முதல் மேடையில் இப்படி அரைகுறையாக நிற்கிறதே என்று கணக்குப் போட்டாள். சத்தியத்தை மீறினால் மெஷினுக்குத்தான் கேடு, மிஞ்சிப்போனால் ஊசி முறியும். குலவை பாதியில் நின்றால் கேடு பிள்ளைக்கு. ஊசி வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாம் சுற்றில் மடிக்கணினி இரண்டோடு நிறுத்தியது. நிசப்தம் தொடங்குமுன் செல்லக்கிளி தொடங்கிவிட்டாள்.

மேடையில் அசோக்குமாரின் ஓங்கிய குச்சி ஒரு நொடி கூடுதலாக நின்றது. கூட்டம் திரும்பிப் பார்த்து ஓவென்று கத்தியது. முந்திய இரண்டு சுற்றுக்கும் பாக்கி இருந்ததால் அதையும் சேர்த்துப் போட்டாள். மாலதியும் நஸீராவும் சேர்ந்துகொண்டார்கள். பக்கத்தில் தாடி வைத்த ஒருவர், கூட்டத்துக்குள் கலைஞர்களை ஒளித்துவைப்பது ஐரோப்பாவில் பழைய உத்தி என்று நண்பருக்கு விளக்கினார்.

"ஆன்ட்டி, நீங்க ஆர்ட்டிஸ்டா?" என்று ஒரு பெண் போனை நீட்டினாள்.

"ரவிக்கை தைக்கிறேன். அளவு ரவிக்கை கொண்டாந்தா போதும்."

நிகழ்ச்சி முடிந்ததும் அசோக்குமார் வேர்க்க வேர்க்க வந்தான். "சத்தியம் பண்ணுனியேம்மா!"

"மூணாவதத்தானடா போட்டேன். மொத ரெண்டும் உன் பொட்டிதான போட்டுச்சு?"

பின்னாலேயே பைசல் ஓடிவந்தான். "ஆன்ட்டி, செம! இந்தப் போன்ல ஒருவாட்டி போட்டுக் குடுங்க. லேப்டாப்ல ஏத்திக்கறோம்."

செல்லக்கிளி போனைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"என்ன விசேசம் தம்பி?"

"ரெக்கார்டிங் ஆன்ட்டி."

"அதுக்கெல்லாம் வராது. யாருக்காச்சும் நல்லது நடக்கணும்."

"சும்மா சவுண்டுக்குத்தான..."

"பால் காச்சாத வீட்டுல போயி குலவ போடச் சொல்றியாப்பா?" என்றாள் நஸீரா.

பைசல் யோசித்தான். "அப்ப ஆன்ட்டியையே கூட்டிட்டுப் போயிரலாம், ஆஷ்."

எல்லோரும் அசோக்குமாரைப் பார்த்தார்கள். அவன் செருப்பால் மண்ணைக் கிளறினான். அம்மா அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவனாகக் கேட்டாலொழிய ஒரு அடி நகர்வதாக இல்லை.

"இருவதாந் தேதி கோயம்புத்தூர்ல அடுத்த கச்சேரி இருக்கும்மா," என்றான் கடைசியில். "வாரியா?"

"என்ன கெழம?"

"வெள்ளி."

"வெள்ளிக்கெழம மாலதி மகளுக்கு வளைகாப்பு. வாக்குக் குடுத்துட்டேன். கச்சேரியச் சனிக்கெழமைக்கு மாத்தச் சொல்லு."

அசோக்குமார் பைசலின் முகத்தைப் பார்த்தான். பைசல் போனை எடுத்துக்கொண்டு, கோயம்புத்தூர்க் கச்சேரி நடத்துகிறவர்களிடம் பேசுவதற்காகத் தென்னை மரத்துப் பக்கம் ஒதுங்கினான்.