எண்ணூற்று இருபது மணி நேரம்

வில்லாபா விரிகுடாவில் சிப்பி திறப்பதில் ஆர்வில்லா ஹாட்டயாவை மிஞ்ச ஆள் கிடையாது. இதை மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்கும் பொறுமை அவளுக்கு இல்லை, தானே சொல்லிவிடுவாள். காலை ஏழு மணிக்குக் கத்தியைப் பிடித்தால் பன்னிரண்டு மணிக்குள் தன் பங்குக் குவியல் காலி. ஒன்பது கேலன் சதையை அளந்து கொடுத்துவிட்டு, ரப்பர் அங்கியை ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவாள். கூலி கேலன் கணக்கு. கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்வதெல்லாம் சோம்பேறிகளின் வேலை என்பது அவள் கட்சி.

சோம்பேறி என்று அவள் சொன்னது சிப்பிக் கூடத்தில் பக்கத்து வேலை மேடையில் நிற்கும் புவாவனை. லாவோஸிலிருந்து வந்த அந்தப் பெண்மணிக்கு அதே குவியலுக்கு ஏழு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு சிப்பியையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஜாதகம் கணிப்பவளைப்போல யோசித்துத்தான் கத்தியை நுழைப்பாள். "என்னடி, அது கிட்ட அனுமதி கேக்கிறியா?" என்று ஆர்வில்லா பதினோரு வருஷமாகச் சீண்டிக்கொண்டிருந்தாள். புவாவன் சிரிப்பாளே தவிர வேகம் கூட்டமாட்டாள்.

மார்ச் மாத நடுவில் ஆர்வில்லாவின் வலது மணிக்கட்டு மக்கர் செய்தது. விரல்கள் மரத்துப்போயின. அறுவை செய்தே ஆகவேண்டும், அப்புறம் ஆறு வாரம் கத்தியைத் தொடக்கூடாது, தள்ளிப்போட்டால் கையே உதவாமல் போய்விடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆறு வாரம் கூலியில்லாமல் உட்கார அவளுக்கு வழியில்லை. அதனால் மாநில அரசின் சம்பள விடுப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"போன வருஷம் எவ்வளவு வேலை செஞ்சிருக்கீங்க மேடம்?" என்றது ஒரு இளங்குரல்.

"ஆயிரத்து முந்நூறு கேலன்!" என்றாள் ஆர்வில்லா பெருமையாக.

"மேடம், மணிக் கணக்குல சொல்லுங்க. எண்ணூத்து இருபது மணி நேரம் இருந்தாத்தான் உதவித்தொகை."

"மணி எதுக்குப்பா? கூலியைப் பாரு, கொட்டிக் கிடக்கு!"

"கூலி அப்புறம்தான் மேடம். நீங்க அதிகமா சம்பாதிச்ச ரெண்டு காலாண்டை எடுத்துக் கூட்டி, இருபத்தாறால வகுப்போம். அதான் உங்க வாரக்கூலி. அது மாநில சராசரியில பாதியைத் தாண்டல, அதனால நூத்துக்குத் தொண்ணூறு கிடைக்கும். ஆனா முதல்ல மணி தேறணும்."

இலையுதிர் காலமும் குளிர்காலமும் அவளுக்கு அமோகமான காலாண்டுகள். ஆனால் மணி தேறவில்லை. ஏப்ரலில் விண்ணப்பித்தால் போன ஏப்ரல் முதல் இந்த மார்ச் முடிய உள்ள நான்கு காலாண்டையும் எடுத்துப் பார்ப்பார்களாம். அப்படிப் பார்த்தாலும் இதுவரை எழுநூற்று நாற்பத்தெட்டுதான். மார்ச்சில் மிச்சம் பன்னிரண்டு வேலை நாள். தினம் ஐந்து மணி நேரம் என்றால் அறுபது. பன்னிரண்டு மணி நேரம் துண்டு விழும். வேகமாக வேலை செய்ததுதான் அவள் செய்த குற்றம்.

குவியல் எல்லோருக்கும் ஒரே அளவு. தினம் ஆறு மணி நேரம் வேண்டுமென்றால் ஒரே வழி, மெதுவாகத் திறப்பது. மறுநாள் தன் மேடையைப் புவாவனின் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"அடியே, எப்படி இவ்வளவு நேரம் இழுக்கிறே? சொல்லிக்குடேன்."

புவாவன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இழுக்கலையே அக்கா. நான் வேலை செய்யறேன்."

மெதுவாக வேலை செய்வது எத்தனை கஷ்டம் என்று அப்போதுதான் ஆர்வில்லாவுக்குப் புரிந்தது. வலிக்கிற கைகூடத் தன்போக்கில் பறந்தது. சிப்பியை எண்ணினாள், பாட்டு முணுமுணுத்தாள், புவாவன் ஒன்று திறந்தால்தான் தானும் ஒன்று என்று கட்டுப்பாடு வைத்தாள். மேற்பார்வையாளர் லோவல் பார்த்துவிட்டு உருகிப்போனார். "கை ரொம்ப வலிக்குது போல. மிச்சத்தை நான் பாத்துக்கறேன், நீ வீட்டுக்குப் போம்மா."

"போகமாட்டேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் மனிதர் இரண்டடி பின்வாங்கினார்.

பதினோரு நாள் இப்படியே ஓடி, எண்ணூற்றுப் பதினாலு ஆயிற்று. கடைசி நாள் காற்றும் மழையும் அடித்ததில் படகுகள் சரியாகப் போகவில்லை. ஆளுக்குப் பாதிக் குவியல்தான். எவ்வளவு ஆமை வேகத்தில் திறந்தாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

ஆர்வில்லா யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டாள். "உன் பங்கை எனக்குத் தர்றியா?"

அது புவாவனின் அன்றைய கூலி. எல்லாத் தொழிலாளர்களும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். புவாவன் வழக்கம்போல் நிதானமாக யோசித்தாள். பிறகு தன் குவியல் முழுவதையும் மண்வாரியால் ஆர்வில்லாவின் மேடைக்குத் தள்ளினாள்.

"எனக்கு மணி ஏகப்பட்டது கிடக்கு அக்கா. இன்னிக்கு நான் போய்த் தூங்கறேன்."

பதினோரு வருஷம் இவளைக் கிண்டல் செய்தோமே என்று ஆர்வில்லாவுக்கு வெட்கமாக இருந்தது. குனிந்து சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஏப்ரல் முடிவில் கடிதம் வந்தது. ஆர்வில்லாவின் கையில் பெரிய கட்டு, பார்க்க வந்திருந்த புவாவன்தான் உறையைப் பிரித்தாள். விண்ணப்பம் ஏற்கப்பட்டிருந்தது. வாரத்தொகை அவள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது. புவாவன் கடிதத்தை வரிவரியாக, சாவகாசமாகப் படித்தாள். மொத்த மணி நேரம் என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"எண்ணூத்து இருபது. ஒரு மணி கூட அதிகமில்லே. அன்னிக்கும் உனக்கு வீட்டுக்கு ஓடற அவசரம்தானா அக்கா?"