சட்டனுக்குப் போன கணக்கெடுப்பு

லண்டன் லூயிஷாமில் தமிழ்க் குடும்பம் ஒன்றும் பிரிவதில்லை. ஜீவரத்தினம் அண்ணை வீடு வீடாகப் போய் விசாரித்துக் கண்டுபிடித்த உண்மை அது.

அண்ணை எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரர். ஓய்வு பெறும்வரை தெருத்தெருவாக நடந்து, பிழையாக நிறுத்திய கார்களுக்கு அபராத டிக்கெட் வைத்தவர். சட்டமென்றால் அவருக்குச் சட்டம்தான். பேரனின் பிறந்தநாளுக்குக் கேக்கோடு வந்த மருமகன் சுபாஸ்கரனின் காரும் நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டில் நின்றது. அதற்கும் வைத்தார். கேக் வெட்டி முடிந்த பிறகுதான் விசயத்தைச் சொன்னார். அதைத் தன் பெருந்தன்மை என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரமே அவர் மனைவி சிவமலர் அக்கா அதே காரில் ஏறி, மகளும் மருமகனும் இருக்கும் சட்டன் என்ற ஊருக்குப் போய்விட்டார். யாராவது கேட்டால், "அவ பேரனைப் பாக்கப் போயிருக்கிறா" என்பார் அண்ணை. பேரன் அப்போது கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டிய பிள்ளை. இப்போது தன்பாட்டில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்வருகிறான்.

கோபித்துக்கொண்டு போன பெண்சாதியைப் புருசன் நேரில் போய்க் கூப்பிட்டுக்கொண்டு வருவது எங்கள் வழக்கம். அக்கா அதற்காகக் காத்திருந்தார். சொல்லாமல் போனவர் கூப்பிடாமலே வரட்டும் என்று அண்ணை காத்திருந்தார். இரண்டு பேருக்கும் பிடிவாதம், நடுவில் இரண்டு ரயில். எனக்கு இரண்டு பேர்மீதும் எரிச்சல்தான்.

இப்படி இருக்கையில் ஜதுர்ஷிகா வந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. லூயிஷாம் தமிழரில் எத்தனை பேர் கலியாணம் கட்டியிருக்கிறார்கள், எத்தனை பேர் பிரிந்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் புள்ளிவிபரம் வேண்டும். கோர்ட்டுக்குப் போன விவாகரத்து அரசாங்கக் கணக்கில் இருக்கும். கோர்ட்டுக்குப் போகாமல் பிரிந்தவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. எல்லா வாசலும் தெரிந்த ஆள் என்று அண்ணையைப் பிடித்தாள்.

கழுத்தில் அடையாள அட்டையும் கையில் பதில்களைக் குறிக்க டப்லெட் கணினியுமாக அண்ணை புறப்பட்டார். பழைய டிக்கெட்டை மறக்காதவர்கள் கதவைத் திறக்கவில்லை. திறந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள்.

"கலியாணம் செய்தனீங்களோ?"

"ஓம்."

"எங்கை அவர்?"

"வேலைக்குப் போட்டார்."

ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஆண் செருப்பே இல்லாத வாசலிலும் வேலைக்குத்தான் போயிருந்தார்கள். அண்ணை மறுபேச்சில்லாமல் 'சேர்ந்து வாழ்கிறார்கள்' என்று குறித்தார். மற்றவர்களைத் தோண்டிக் கேட்க அவருக்கு எந்த முகம் இருக்கிறது?

"அங்கிள், பிரிஞ்ச ஆக்கள் ஒருத்தருமே இல்லையா?" ஜதுர்ஷிகா தலையில் கைவைத்தாள். "இது டேட்டா இல்லை, வெட்டிங் ஆல்பம்."

"நல்ல சனம், பிள்ளை."

"சரி, உங்கட வீட்டையும் போடுவம். ஆன்ரி உங்களோடதானே?"

"பேரனைப் பாக்கப் போயிருக்கிறா."

"எப்ப வருவா?"

இத்தனை காலமும் ஒருவரும் கேட்காத கேள்வி அது. கேட்காமல் விடுவதைத்தான் நாங்கள் எல்லாரும் மரியாதை என்று நினைத்திருந்தோம். அண்ணை கண்ணாடியைத் துடைத்தார். "கேட்டுச் சொல்றன்" என்றார்.

சட்டனில் அக்கா கதவைத் திறந்தபோது, அண்ணை அட்டையோடும் டப்லெட்டோடும் நின்றார். சும்மா போகப் பயந்து உத்தியோகத்தராகப் போயிருந்தார்.

"கலியாணம் செய்தனீங்களோ?" என்று கேட்டார். மனிசன் உண்மையாகவே அப்படிக் கேட்டிருக்கிறார். அவர் வாயால்தான் எனக்குச் சொன்னார்.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஓம்."

"புருசன் எங்கை?"

"லூயிஷாமிலை."

"சேர்ந்து இல்லாததுக்குக் காரணம்?"

"கூப்பிட வரேல்லை."

அண்ணை குனிந்து அதைத் தட்டச்சுச் செய்தார். பிறகு நிமிராமலே, "இப்ப வந்திருக்கிறார்தானே" என்றார்.

"இல்லை. இப்பவும் கணக்கெடுக்கத்தான் வந்திருக்கிறார்."

கதவு சாத்தப்பட்டது.

டிக்கெட் வைத்த காலத்தில் எத்தனையோ பேரின் ஏச்சை அவர் வாங்கியிருக்கிறார். ஒன்றும் அவரைச் சுட்டதில்லை. இது சுட்டது. அட்டையைக் கழற்றினார். டப்லெட்டையும் அதையும் பைக்குள் வைத்தார். திரும்ப மணியை அடித்தார்.

"ஆர்?"

"நான்தான். சிவமலர், உம்மைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான். அண்டைக்கு டிக்கெட் வைச்சது பிழை."

காலடிச் சத்தம் உள்ளே கதவுவரை வந்து நின்றது.

"டிக்கெட் கோவம் அண்டைக்கே ஆறிட்டுது. நீங்கள் வராததுதான் இன்னும் ஆறேல்லை," என்றார் அக்கா. கதவு திறந்தது.

அடுத்த மாதம், பிரிந்தவர் பூச்சியம் என்ற அண்ணையின் கணக்கை நம்பாத ஜதுர்ஷிகா, சில வீடுகளைத் திரும்பச் சரிபார்க்கத் தர்மிகா என்ற மாணவியை அனுப்பினாள். அண்ணையையோ அக்காவையோ அவளுக்குத் தெரியாது. பிரிவை மறைக்கிறவர்களின் எந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் நன்றாகச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள். லூயிஷாமில் அவள் தட்டிய முதல் கதவை, அண்ணையோடு திரும்பி வந்திருந்த அக்கா திறந்தார். குசினியில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"உங்கட ஹஸ்பண்ட் எங்கை, ஆன்ரி?"

அண்ணை அப்போது பக்கத்துத் தெருவில் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"வேலைக்குப் போட்டார்," என்றார் அக்கா, முகமெல்லாம் சிரிப்பாக.

தர்மிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவின் கையை மெல்லப் பிடித்து, "பரவாயில்லை ஆன்ரி" என்றாள். லூயிஷாமில் பிரிந்து வாழும் முதல் தமிழ்க் குடும்பம் அப்படித்தான் கணக்கில் ஏறியது.